தோட்டாவும் ராமபாணமும்

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகே, வாகன இரைச்சல் அவ்வளவாக எட்டாத சந்து ஒன்றில் எங்கள் நண்பர் ஒருவரின் பழைய வீடு இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு மாலை அங்கே கூடிப் புறநானூறு படிப்பது எங்கள் வழக்கம். ஐந்தாறு பேர், பெரும்பாலும் தமிழ் கற்பிப்பவர்கள். அண்மையில் ஒரு மாலை காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாடலுக்கு (278) வந்து சேர்ந்தோம். வாசகர்கள் அறிந்த பாடல்தான். மகன் புறங்காட்டி மாண்டான் என்று பலரும் சொல்லக் கேட்ட முதியவள், வாளை ஏந்திக் களம் புகுந்து, கிடக்கும் உடல்களைப் புரட்டிப் பார்க்கிறாள். துண்டுபட்டுக் கிடக்கும் மகனைக் கண்டு, ஊர் சொன்னது பொய் என்று தெளிகிறாள்.

"ஊர்ப்பேச்சை நம்பாமல் உடலையே சான்றாகக் கொண்டு ஆராய்ந்தவள் இவள்" என்றார் எங்களில் ஒருவர். அதுவரை கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் தாயார் எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் ஒரு மஞ்சள் துணிப் பையோடு திரும்பினார்.

"நீங்கல்லாம் வாத்தியாருங்க. இதைக் கொஞ்சம் பாருங்க. எங்க மாமனார் இத்தாலிச் சண்டையிலேருந்து கொண்டாந்தது. செத்துக் கிடந்த ஜெர்மன்காரன் சட்டைப் பையிலே இருந்துச்சாம். இதோ, இதுதான் குண்டு போன ஓட்டை."

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய, பழுப்பு அட்டையிட்ட ஒரு சிறு புத்தகம். 24 பக்கம். மேல் மூலையில் மிளகு அளவில் வட்டமான ஒரு துளை. அட்டையில் கழுகுச் சின்னம். அதன் கீழே கோத்திக் எழுத்தில் 'ஸோல்ட்பூக்' என்ற சொல்.

அன்று புறநானூறு அத்தோடு நின்றது. அதன்பின் மூன்று ஞாயிறுகள் இந்தப் புத்தகத்தையே படித்தோம். அந்த வாசிப்பில் நாங்கள் கண்டதையும், கண்டதாக நினைத்துப் பிறகு திருத்திக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

*

ஸோல்ட்பூக் என்பதற்குச் 'சம்பளப் புத்தகம்' என்பது நேர்ப்பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைவீரன் ஒவ்வொருவனும் இதைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சம்பளக் கணக்கு மட்டுமன்று, அதுவே அவனுடைய அடையாளச் சான்றும் ஆகும். சீருடையின் மார்புப் பையில் அது இருந்தது. 'வேர்பாஸ்' என்ற இன்னொரு புத்தகமும் உண்டு. அது வீரனின் கையில் இராது. அவனுடைய படைப்பிரிவின் அலுவலகத்தில் இருக்கும். அவன் இறந்தால் வேர்பாஸ் வீட்டாருக்குப் போகும். களத்தில் அவனோடு இருந்ததும், அவனோடு நனைந்ததும், அவனோடு கிழிந்ததும் ஸோல்ட்பூக் மட்டுமே.

முதல் பக்கத்தில் அவனுடைய பதவி, பதவி உயர்வுகள், கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டின் எண், இரத்த வகை, நச்சுவாயு முகமூடியின் அளவு ஆகியவை இருக்கும். இரண்டாம் பக்கத்தில் பிறந்த நாள், பிறந்த ஊர், சமயம், தொழில், உயரம், முக அமைப்பு, கண்ணின் நிறம், காலணியின் அளவு, கையொப்பம். நான்காம் பக்கம் அவன் பணிபுரிந்த படைப்பிரிவுகள். ஐந்தாம் பக்கம் மனைவி அல்லது பெற்றோரின் முகவரி. அதன்பின் வழங்கப்பட்ட உடைகள், கருவிகள், தடுப்பூசிகள், மருத்துவமனையில் தங்கிய நாள்கள், பெற்ற பதக்கங்கள், விடுப்பு என்று வரிசையாகச் செல்லும். நோயையும் காயத்தையும் எண் குறியீடாக எழுதிவிடுவது உண்டு. போரின் பிற்பகுதியில் அட்டையின் உட்புறம் நிழற்படமும் ஒட்டப்பட்டது.

இதிலுள்ள கையெழுத்தைப் படிப்பது எளிதாக இல்லை. ஜெர்மானியப் பள்ளிகளில் 1941 வரை கற்பிக்கப்பட்ட பழைய வளைவெழுத்து முறையை இன்றைய ஜெர்மானியர்களே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். நமக்கு வட்டெழுத்து எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. நகரில் ஜெர்மன் மொழி பயிற்றுவிக்கும் அன்பர் ஒருவர் எங்களுக்காக இரண்டு மாலைகள் ஒதுக்கினார். அவர் படித்துச் சொன்னவரை, இந்தப் புத்தகத்துக்கு உரியவன் 1924-இல் பிறந்தவன். தொழில் தச்சு. மணமாகாதவன், ஐந்தாம் பக்கத்தில் தாயின் பெயர் மட்டுமே இருக்கிறது. 1943-இல் ஒருமுறை மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்திருக்கிறான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

*

இனி அந்தத் துளைக்கு வருவோம்.

காகிதத்தைத் துப்பாக்கிக் குண்டு துளைக்கும்போது நார்கள் வெட்டுப்படுவதில்லை, தள்ளப்பட்டுக் கிழிகின்றன. குண்டு போன பிறகு அவை ஓரளவு மீண்டு வருவதால் துளை குண்டின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே தோன்றும். நுழைந்த பக்கத்தில் விளிம்பு உள்நோக்கி மடங்கும். வெளியேறிய பக்கத்தில் புறநோக்கிப் பிதுங்கும். குண்டின் மீதிருந்த எண்ணெயும் கரியும் நுழைவாயில் துடைக்கப்பட்டுக் கருவளையமாகப் படியும். ஆனால் சட்டைப் பைக்குள் இருந்த புத்தகத்தில் அந்த வளையத்தைத் துணி முதலில் வாங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, மூடிய புத்தகத்தின் ஊடே சென்ற குண்டின் துளைகள் எல்லாப் பக்கங்களிலும் ஒரே நேர்கோட்டில் அமையும்.

வெடிகுண்டுச் சிதறலின் நடத்தை வேறு. அது ஒழுங்கற்ற இரும்புத் துண்டு. கிழிசலும் ஒழுங்கற்றே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் வடிவம் மாறும். சில வேளை புத்தகத்தின் நடுவிலேயே விசை அடங்கி நின்றுவிடும். இரும்பு தங்கிய இடத்தில் ஈரம் சேர்ந்தால் துருக்கறை படியும்.

இவற்றைக் கருத்தில் கொண்டு, வாசல் வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அட்டையில் உள்ள வட்டத்துளை முதல் நான்கு தாள்களில் நேராகச் செல்கிறது. ஐந்தாம் தாளில் சற்று விலகுகிறது. ஆறாம் தாளில் பக்கவாட்டில் திரும்பி, தாளின் மேற்பரப்பிலேயே ஒரு விரல் அகலம் நெளிந்து ஓடி, பிறகு மீண்டும் உள்ளே இறங்குகிறது. விளிம்புகளில் மடிப்பு இல்லை, பிதுக்கம் இல்லை. நார்கள் கத்தரித்தாற்போல அரிபட்டிருக்கின்றன. தையலோரத்தில் நுண்ணிய தூள்.

எந்தத் தோட்டாவும் புத்தகத்துக்குள் திரும்பி நடப்பதில்லை.

எங்களில் சுவடிப் பதிப்போடு பழக்கமுள்ளவர் முதலில் வாய் திறந்தார். "இது ராமபாணம்" என்றார். ஏடுகளையும் புத்தகங்களையும் துளைக்கும் பூச்சிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. ராமனின் அம்பு ஏழு மராமரங்களையும் ஊடுருவிச் சென்றது போல இந்தப் பூச்சி ஏடுகளை ஊடுருவிச் செல்லும் என்பதால் ஏற்பட்ட பெயராக இருக்க வேண்டும். போர்க்களத்தின் ஆயுதப் பெயரைப் பூச்சிக்குச் சூட்டிய மொழி நம்முடையது. அந்தப் பெயரின் ஏமாற்றில் ஒரு குடும்பமே எழுபது ஆண்டுகளுக்கு மேல் விழுந்து கிடந்திருக்கிறது. துளை இத்தாலியில் விழுந்ததன்று. ராயப்பேட்டைத் தகரப் பெட்டிக்குள், சென்னையின் ஈரப்பதத்தில் விழுந்தது.

அம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்கினோம். நண்பரே சொன்னார். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்ப குண்டே படலியா?" என்று கேட்டார்.

பட்டிருந்தது. ஆனால் யாரும் காட்டாத இடத்தில். புத்தகத்தின் கீழ் விளிம்பில், பிறைவடிவில், எலி கடித்தது போல ஒரு கிழிசல். பழசானால் எல்லாப் புத்தகமும் ஓரம் கிழியும் என்று அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னட்டையில் தொடங்கிப் பதினான்காம் பக்கம் வரை அது செல்கிறது. செல்லச் செல்லச் சிறுக்கிறது. நார்கள் ஒரே திசையில் தள்ளப்பட்டுக் கிடக்கின்றன. முடியும் இடத்தில் கடுகு அளவில் துருக்கறை. முன்னட்டையின் உட்புறத்திலும் துரு உண்டு. ஆனால் அது நிழற்படத்தைப் பிடித்திருந்த உலோக வளையங்களின் துரு. படம் பிய்க்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாமல் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் பக்கத்தில் தாயின் முகவரி ஊதா நிறத்தில் கசிந்து பரவியிருக்கிறது. அக்காலப் படை அலுவலகங்களில் புழங்கிய ஒருவகைப் பென்சிலில் சாயம் கலந்திருக்கும். உலர்ந்த நிலையில் சாம்பல் நிறமாகத் தெரியும் எழுத்து நனைந்தால் ஊதாவாகிவிடும். ஆகவே புத்தகம் ஒருமுறை நன்றாக நனைந்திருக்கிறது. மழையோ ஆறோ வியர்வையோ, சொல்வதற்கில்லை. குருதிக் கறை என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

*

இதிலிருந்து எதை முடிவு செய்யலாம்? இங்கேதான் நச்செள்ளையாரின் முதியவள் எங்களை எச்சரித்தாள் என்று சொல்ல வேண்டும்.

முகத்திலும் மார்பிலும் படுவது விழுப்புண். முதுகில் படுவது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் நாணி வடக்கிருந்தான் என்று புறநானூறு பேசுகிறது. புண்ணின் திசையை வைத்து மனிதனின் தரத்தை எடைபோட்ட மரபு நம்முடையது. வாளும் வேலும் எதிரெதிர் நின்று வீசப்பட்ட காலத்தில் அதற்குப் பொருளிருந்தது. 1944-இன் இத்தாலிய மலைச்சரிவில் அதற்குப் பொருளில்லை. பல கல் தொலைவில் எவனோ ஒருவன் கணக்குப் போட்டுச் சுட்ட பீரங்கிக் குண்டு, தலைக்கு மேலும் வெடிக்கும், காலடியிலும் வெடிக்கும், ஓடுபவனையும் நிற்பவனையும் அது பிரித்தறியாது. மேலும், பையில் புத்தகத்தின் எந்த அட்டை உடலை நோக்கி இருந்தது என்று தெரியாதபோது, பின்னட்டை வழியே நுழைந்த இரும்பு முன்னிருந்து வந்ததா பின்னிருந்து வந்ததா என்று கூற முடியாது.

இன்னொன்று இன்னும் முக்கியமானது. இந்தக் கிழிசல் இறப்பைக் காட்டுவதாகாது. மார்புப் பையின் அடிவிளிம்பை உரசிய சிறு சிதறல், தாள்களிலேயே நின்றுவிட்டிருக்கிறது. அந்த வேளையில் அவன் பிழைத்திருக்கலாம். பிறகு வேறெதனாலும் மாண்டிருக்கலாம். சிறைப்பட்டுப் புத்தகத்தைப் பறிகொடுத்திருக்கலாம். போர் முடிந்து ஊர் திரும்பித் தச்சுப் பட்டறை வைத்து மூப்பெய்தியும் இருக்கலாம். செத்துக் கிடந்தவன் பையில் எடுத்தது என்பது வீட்டில் வழங்கும் கதை. அதே வீட்டில்தான் ராமபாணம் தோட்டாவாக இருந்தது.

கதைகள் சான்றுகளை விழுங்குவதற்குச் சென்னையில் வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னை மீது ஏறத்தாழ 130 குண்டுகள் வீசியது. துறைமுகத்துக்கு அருகிலிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்றத்தின் மதிலில் அதை நினைவூட்டும் கல்வெட்டு உண்டு. கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல் உண்டு. இவை சான்றுகள். அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது நாம் பள்ளிப் பருவம் முதல் கேட்டுவரும் கதை. ஆனால் அவர் 1914-இன் நடுப்பகுதியில் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு அமைத்து இயங்கிக்கொண்டிருந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் பெர்லின் சென்றார். எம்டனோ ஜூலை 31 அன்றே சீனத்தின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. அம்மாமனிதரின் பெருமைக்கு எம்டன் தேவையில்லை. எனினும் 'எம்டன்' என்ற சொல்லையே கெட்டிக்காரனுக்கும் முரடனுக்கும் பெயராக்கிக்கொண்ட ஊர், அதற்குள் நம்மவர் ஒருவரை ஏற்றிவைக்காமல் ஓயவில்லை.

*

புத்தகத்தைக் கொண்டுவந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நண்பரின் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுவது அவர்கள் பணி. 1943 செப்டம்பர் தொடங்கி 1945 மே வரை இத்தாலியில் 4, 8, 10 ஆகிய மூன்று இந்திய டிவிஷன்கள் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டன. 1944-இன் தொடக்கத்தில் மான்ட்டி காஸினோ மலையடியில் நடந்த கொடும் போரில் 4ஆம் இந்திய டிவிஷன் பங்கேற்றது. அதில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தனர். இத்தாலியப் போர்முனையில் மாண்ட இந்தியர்கள் 5,000-க்கும் மேற்பட்டோர்.

தாத்தாவின் சொந்தப் படைச் சான்றிதழ்கள் எவையும் அந்த வீட்டில் மிஞ்சவில்லை. அதே தகரப் பெட்டியில் இருந்தவை கரையானுக்கு இரையாகிவிட்டன. எதிரியின் காலணி அளவு வரை நமக்குத் தெரிகிறது. தாத்தா எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பது அவருடைய பேரனுக்குத் தெரியவில்லை.

இது ஒரு வீட்டின் குறை மட்டும் அன்று. முதல் உலகப் போரில் மெசபொடோமியாவில் மாண்டு, கல்லறை அறியப்படாதவர்களுக்காக பஸ்ரா நகரில் 1929-இல் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. 40,000-க்கும் மேற்பட்டோர் அங்கே நினைவுகூரப்படுகின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயரும் அதன் கீழே இத்தனை பேர் என்ற எண்ணும் மட்டுமே. அந்நினைவிடங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. பெயரளவிலும் நினைவுகூரப்படாமல் விடுபட்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்றும், அது 3,50,000 வரை போகக்கூடும் என்றும் அந்த அறிக்கை கணித்தது.

பஸ்ரா வரை போவானேன்? வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர் 277 பேர், அவர்களில் உயிர்நீத்தவர் 14 பேர் என்று அது சொல்கிறது. அந்தப் பதினால்வர் யாவர் என்று சொல்லவில்லை. தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் இத்தகைய கற்கள் உண்டு. எண் உண்டு, பெயர் இல்லை.

நம் பழைய நடுகற்கள் இப்படி இருந்ததில்லை. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. நிரை மீட்கும் போரில் இறந்தவன் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்த பெயர்ப்பேறு, இருபதாம் நூற்றாண்டில் பேரரசுக்காக மாண்ட சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. சில நடுகற்களில் வீரனின் உடலில் தைத்த அம்புகளையும் சிற்பி செதுக்கியிருப்பான். பெயரும் ஊரும் புண்ணும் ஒரே கல்லில். யோசித்துப் பார்த்தால் ஸோல்ட்பூக்கும் ஏறக்குறைய அதே செய்திகளைத்தான் சுமக்கிறது.

ஆயினும் இந்த ஒப்புமையை ஓரெல்லைக்கு மேல் நீட்டக்கூடாது. நடுகல், ஊரார் ஒருவனை வணங்கத்தக்கவன் என்று தேர்ந்து எடுத்தது. ஸோல்ட்பூக் ஓர் அரசு தன் ஆள்களைக் கணக்கில் வைத்துக்கொண்டது. அந்த அரசு எத்தகையது, லட்சக்கணக்கான யூதர்களையும் பிறரையும் எவ்வாறு கொன்றது என்பது உலகறிந்தது. அதன் படையும் அக்குற்றங்களுக்குப் புறம்பாக நிற்கவில்லை. இருபது வயதுத் தச்சன் அதில் எவ்வளவுக்கு உடன்பட்டான் என்பதை அவனுடைய சம்பளக் கணக்கிலிருந்து நாம் அறிய முடியாது. அவனை வீரனாக்கிப் பாடுவதும் எங்கள் நோக்கமன்று. கழுகுச் சின்னத்துக்காகவே இவற்றை விலை கொடுத்து வாங்குவோர் உலகில் உண்டு. துளையிருந்தால் விலை கூடும் என்பதால், துரப்பணத்தால் துளையிட்டு விற்போரும் உண்டு. வீட்டாரின் கதை அறியாமையால் பிறந்தது; அதை மன்னிக்கலாம். அது வேறு, இது வேறு.

*

ஜெர்மன் அன்பர் சொன்ன செய்தி ஒன்று எங்களைப் பல நாள் உறங்கவிடவில்லை.

1939 ஆகஸ்டில் பெர்லினில் ஓர் அலுவலகம் தொடங்கப்பட்டது. இறந்தோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர் பற்றிய செய்திகளைத் திரட்டுவதும் உறவினர்க்குத் தெரிவிப்பதும் அதன் வேலை. களத்தில் ஒருவன் இறந்தால் அவன் கழுத்துத் தகட்டின் ஒரு பாதியை முறித்தெடுப்பார்கள். மறுபாதி உடலோடு புதைக்கப்படும். தகட்டின் மீது அவன் பெயர் இராது. படைப்பிரிவும் எண்ணும்தான் இருக்கும். பெயரைச் சொல்வது ஸோல்ட்பூக். ஒரு பிணத்தின் பையிலிருந்து அதை எடுத்துக்கொள்வது, சில வேளை, அந்தப் பிணத்தின் பெயரையே எடுத்துக்கொள்வது ஆகும். தகடும் தொலைந்திருந்தால் அவன் 'அறியப்படாதவன்' ஆகிவிடுவான். காஸினோவுக்கு அருகே ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள். பெயரில்லாதவர்களும் அவர்களில் உண்டு.

அப்படியானால், ராயப்பேட்டைத் தகரப் பெட்டியில் கிடந்த இந்தப் புத்தகத்தால், எங்கோ ஒரு தாய் தன் வாழ்நாளெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கக் கூடுமோ? ஊதாவாகக் கசிந்த அந்தப் பெயருக்கு உரியவள்?

நண்பர் மிகவும் சங்கடப்பட்டார். "எங்க தாத்தாவைப் பிணத்திடம் திருடியவர் என்று ஆக்கிவிடாதீர்கள்" என்றார். அது நியாயமான வருத்தம். களத்திலிருந்து ஏதேனும் ஒன்றைக் கையோடு கொண்டுவருவது அப்போது எல்லாப் படையினரிடமும் இருந்த வழக்கம். தாத்தா அதை விற்கவில்லை. அலட்சியமாக எறியவும் இல்லை. பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தார். அதற்கு மேல் அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் இட்டு நிரப்பக்கூடாது.

அந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையரின் இல்லம் இருந்தது; 2012-இல் அது இடிக்கப்பட்டுவிட்டது. 1894-இல் அவர் புறநானூற்றை அச்சிட்டபோது 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. இன்றுவரை அந்த எண்களுக்கு எதிரே வெற்றிடம்தான். கவி பாட வல்ல ஒருவர் பொருத்தமாக ஒரு வரியை எழுதிச் சேர்ப்பது கடினமன்று. பதிப்பாசிரியர் அதைச் செய்யவில்லை. ராமபாணம் அரித்த இடத்தில் புள்ளிகளை இட்டுவிட்டு, வேறு பிரதி கிடைக்குமா என்று ஊர் ஊராகத் தேடினார். இத்தனை ஆண்டுகள் தமிழ் படித்துப் படிப்பித்ததில் இந்த ஒழுக்கமாவது நம்மிடம் தங்கியிருக்க வேண்டும்.

வேறு பிரதி தேடுவதற்கு எங்களுக்கும் வழி இருக்கிறது. அந்தப் பெர்லின் அலுவலகம் போருக்குப் பிறகும் வேறு பெயரில் தொடர்ந்தது. 2019 ஜனவரியில் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தோடு இணைக்கப்பட்டது. 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பற்றிய அட்டைகள் அங்கே இருக்கின்றன. 1919-இல் தோன்றிய ஜெர்மானியப் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கம் இன்றும் உடல்களைத் தேடி எடுத்துப் பெயரிட்டு அடக்கம் செய்துவருகிறது. தகட்டு எண்ணும் பிறந்த நாளும் தெரிந்தால் விசாரிக்க முடியும்.

நண்பர் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தார். முடிவு செய்தவர் அம்மா.

"எழுதிக் கேளுங்கப்பா. செத்துட்டான்னா அவங்க வீட்டாளுங்களுக்குத் தெரியட்டும். உயிரோட ஊர் போய்ச் சேர்ந்திருந்தான்னா அதைவிட நல்லது. எங்க மாமனாருக்கும் அது புண்ணியம்தானே?"

கடந்த வாரம் முதல் ஐந்து பக்கங்களின் படங்களோடு கடிதம் அனுப்பினோம். வீட்டாருக்குத் தெரியும் முன் ஊருக்குத் தெரிவது முறையன்று. ஆதலால்தான் பெயரை எழுதவில்லை. அதே நாளில் தாத்தாவின் பணி பற்றி விசாரித்துப் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்ஜினியர் குரூப் மையத்துக்கும் இன்னொரு கடிதம் போயிற்று. ஒருவனைத் தேடும்போது மற்றவரைத் தேடாமல் விடுவது சரியன்று என்று பட்டது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் படையிலிருந்து வந்த கடிதமோ, சான்றிதழோ, நிழற்படமோ கிடக்கலாம். அதைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். நெகிழிப் பைக்குள் இறுக்கி மூடாதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, படமெடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்வது தோட்டாவா, ராமபாணமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் துளையை அம்மா இப்போதும் வருபவர்களுக்குக் காட்டுகிறார். "இது பூச்சி போனது" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கீழ் விளிம்பைக் காட்டுகிறார்.